வேடம் கட்டும் கணினி

நண்பர் ஒருவர் அண்மையில் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். தொண்ணூறுகளில் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடிய ‘டி.வி. கேம்’ நினைவுகளிலிருந்து இன்னும் மீளாதவர் அவர். அவ்விளையாட்டுகளையும், அந்நாளில் கைக்கெட்டாமல் போன வேறு பலவற்றையும் இப்போது கணினியில் ஆட வேண்டும். அதற்குக் குறைந்த செலவில் எந்த மேசைக் கணினியை வாங்கலாம் என்பதே அவரது கேள்வி. கவிதையும் நாவலும் பேசக் கூடுகிற எங்களிடையே இத்தகைய வினாவுக்கு ஒற்றை வரியில் விடை சொல்லிவிட்டுப் பழைய பேச்சுக்குத் திரும்புவதே வழக்கம். விடை தேடப் புகுந்தபோதுதான், இதனுள் ஏறத்தாழ அறுபது ஆண்டு வரலாறு ஒன்று மடிந்து கிடப்பது எங்களுக்குப் புலப்பட்டது. ‘எவ்வளவு வேகமான கணினி வேண்டும்?’ என்ற கேள்விக்கு விடை, ‘பழைய இயந்திரத்துக்கு நாம் எவ்வளவு உண்மையாக இருக்க விரும்புகிறோம்?’ என்ற கேள்வியில் இருக்கிறது. இக்கட்டுரை அந்த உறவைப் பற்றியது.

முதலில் ஒரு விளக்கம். நம்மூர்க் கடைகளில் விற்ற டி.வி. கேம் பெட்டிகளுள் பெரும்பாலானவை, ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983-இல் வெளியிட்ட ஃபாமிகாம் என்ற கருவியின் அனுமதியற்ற நகல்களே. அவை சில்லுகளைப் பிரதியெடுத்துச் செய்யப்பட்ட நகல்கள். எமுலேட்டர் என்பது இன்னொரு வகை நகல். அது சில்லைப் பிரதியெடுப்பதில்லை. அச்சில்லு எப்படி நடந்துகொள்ளுமோ அப்படி நடந்துகொள்ளும் ஒரு மென்பொருள். ஒரு கணினி வேறொரு கணினியாக வேடம் கட்டிக்கொண்டு மேடையேறுகிறது. விளையாட்டு நிரலோ, தான் பிறந்த பழைய இயந்திரத்திலேயே ஓடுவதாக நம்பிக்கொண்டிருக்கும்.

இந்த வேடம் விளையாட்டுக்காகப் பிறந்ததன்று. ஓர் இயந்திரம் வேறெந்த இயந்திரத்தைப் போலவும் இயங்க முடியும் என்ற கருத்தை ஆலன் டூரிங் 1936-லேயே கணிதமாக நிறுவினார். அக்கருத்து வணிகத் தேவையானது 1964 ஏப்ரலில், ஐ.பி.எம். நிறுவனம் தன் சிஸ்டம்/360 கணினி வரிசையை அறிவித்தபோது. ஒன்றோடொன்று பொருந்தாத பல பழைய வரிசைகளுக்கு மாற்றாக அது வந்தது. ஆனால் வாடிக்கையாளர்களிடம் 1401 போன்ற முந்தைய கணினிகளுக்கென எழுதிச் சேர்த்த நிரல்கள் மலைபோல் இருந்தன. அவற்றையெல்லாம் தூக்கியெறியச் சொன்னால் யார் புதிய இயந்திரத்தை வாங்குவார்? எனவே 360 வரிசையின் சிறிய மாதிரிகளுள் ஒன்று 1401-ஆக வேடம் கட்டக் கற்றுக்கொண்டது. சம்பளப் பட்டியலும் சரக்குக் கணக்கும் காப்பாற்றப்பட்டன. இயந்திரம் மாளும், எழுதப்பட்டது எஞ்ச வேண்டும் என்ற கவலைதான் எமுலேட்டரின் தொடக்கம் என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

வீட்டுக் கணினிக்கு இந்த ஆற்றல் வந்து சேர மேலும் முப்பதாண்டுகள் பிடித்தன. 1997 பிப்ரவரியில் இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா, ஆர்கேட் கூடங்களின் காசு போட்டு ஆடும் இயந்திரங்களுக்கென ‘மேம்’ என்ற எமுலேட்டரை வெளியிட்டார். அதே ஆண்டு ஏப்ரலில் ஃபாமிகாமின் அமெரிக்க வடிவத்துக்கான ‘நெஸ்டிகிள்’ வந்தது. ஆண்டின் பிற்பகுதியில், 1990-இல் பிறந்த சூப்பர் ஃபாமிகாமுக்கான ‘இசட்ஸ்நெஸ்’ வந்தது. அக்காலத்து எளிய வீட்டுக் கணினிகளிலேயே இவை ஓடின என்பதுதான் அன்று எல்லோரையும் வியக்கவைத்தது.

அது ஏன் வியப்பு என்பதைச் சற்று விளக்க வேண்டும். ஃபாமிகாமின் ப்ராசஸர் ஏறத்தாழ 1.79 மெகாஹெர்ட்ஸ் வேகம் உடையது. அதன் நினைவகம் வெறும் 2 கிலோபைட். நூறு மெகாஹெர்ட்ஸ் கணினிக்கு இது பொருட்டா என்று தோன்றும். ஆனால் எமுலேட்டர் ஒரு துபாஷியின் வேலையைச் செய்கிறது. பழைய சில்லின் மொழியிலுள்ள ஒவ்வோர் ஆணையையும் படித்து, பொருள் உணர்ந்து, புதிய சில்லின் மொழியில் சொல்ல வேண்டும். ஒரு சொல்லைப் பெயர்க்கப் பத்துச் சொல் செலவாகும். அதோடு வேலை முடிவதில்லை. பழைய பெட்டிக்குள் கணக்கிடும் சில்லு, படம் வரையும் சில்லு, ஒலி எழுப்பும் சில்லு எனப் பலவும் ஒரே நேரத்தில் இயங்கின. அவை அத்தனையையும் ஒரே ப்ராசஸர் மாறி மாறி நடித்துக் காட்ட வேண்டும். தோல்பாவைக் கூத்தில் திரைக்குப் பின்னிருக்கும் ஒரே கலைஞர் ராமனாகவும் ராவணனாகவும் உச்சிக்குடும்பனாகவும் குரல் மாற்றிப் பேசுவாரே, அப்படி. பாத்திரங்கள் மாறிப் பேசும் இடைவெளி எவ்வளவு குறுகுகிறதோ அவ்வளவு மூச்சு வாங்கும்.

தொண்ணூறுகளின் எமுலேட்டர்கள் இந்த மூச்சிரைப்பைத் தவிர்க்க ஒரு குறுக்குவழியைக் கண்டன. பாத்திரங்கள் மாறி மாறிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டன. படச் சில்லு திரையில் ஒரு கோட்டைப் புள்ளி புள்ளியாக வரைவதற்குப் பதிலாக, முழுக் கோட்டையும் ஒரே வீச்சில் வரைந்துவிட்டன. பெரும்பாலான விளையாட்டுகளில் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. இசட்ஸ்நெஸ்ஸின் பெரும்பகுதி அசெம்பிளி மொழியிலேயே எழுதப்பட்டதும் அதே வேகத்துக்காகத்தான்.

குறுக்குவழியின் உச்சம் 1999 ஜனவரியில் வந்தது. அப்போது கடைகளில் விற்றுக்கொண்டிருந்த நின்டெண்டோ 64 கருவிக்கு ‘அல்ட்ரா எச்.எல்.இ.’ என்ற எமுலேட்டர் வெளியானது. 93.75 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள அக்கருவியைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்க அந்நாளைய வீட்டுக் கணினியால் இயலாது. எனவே அதை எழுதியவர்கள், விளையாட்டு நிரல் என்ன செய்ய நினைக்கிறது என்ற கருத்தை மட்டும் பிடித்து, அதைத் தம் கணினியின் கிராபிக்ஸ் கார்டு வழியே நேரடியாகச் செய்துவிட்டார்கள். சொல்லை விட்டுச் சாரத்தைப் பெயர்த்த துபாஷி! வெளியான சில மணி நேரத்திலேயே, வழக்குக்கு அஞ்சி, அது திரும்பப் பெறப்பட்டது.

அதே மாதம் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மேக்வேர்ல்டு மாநாட்டில், சோனியின் பிளேஸ்டேஷனை ஆப்பிள் கணினியில் இயக்கும் ‘விர்ச்சுவல் கேம் ஸ்டேஷன்’ அறிமுகமானது. கனெக்டிக்ஸ் என்ற நிறுவனம் அதை உருவாக்கியிருந்தது. சோனி வழக்குத் தொடுத்தது. 2000 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸின் பக்கம் நின்றது. பிளேஸ்டேஷனுக்குள் இருக்கும் மென்பொருளை ஆய்வுக்காக இடைக்காலத்தில் பிரதியெடுத்தாலும், இறுதிப் பொருளில் சோனியின் வரி எதுவும் இல்லாதபோது அது நியாயமான பயன்பாடே என்பது தீர்ப்பின் சாரம். வென்ற நிறுவனத்திடமிருந்து 2001-இல் அம்மென்பொருளைச் சோனியே விலைக்கு வாங்கி விற்பனையை நிறுத்திவிட்டது என்பது இக்கதையின் கசப்பான முடிவு. எனினும் தீர்ப்பு நின்றது. அமெரிக்காவில் எமுலேட்டர் எழுதுவோர் இன்றும் அதன் நிழலில்தான் நிற்கிறார்கள்.

இனி, குறுக்குவழிக்குக் கொடுத்த விலையைப் பார்ப்போம்.

சூப்பர் ஃபாமிகாமுக்கு ‘ஸ்பீடி கன்ஸாலஸ்’ என்று ஒரு விளையாட்டு உண்டு. அதை நெடுங்காலம் எமுலேட்டரில் ஆடி முடிக்க இயலவில்லை. இறுதிக் கட்டங்களில் ஒரு பொத்தானைத் தொட்டதும் ஆட்டம் உறைந்துவிடும். உண்மைக் கருவியின் ஒரு நுண்ணிய நடத்தையை எமுலேட்டர்கள் அறியாததே காரணம். ‘ஏர் ஸ்ட்ரைக் பெட்ரோல்’ விளையாட்டில் விமானத்தின் நிழல் தரையில் விழ வேண்டும்; கோட்டை ஒரே வீச்சில் வரையும் எமுலேட்டரில் நிழலே இராது. நிழல் போனால் என்ன என்று கேட்கலாம். குண்டு எங்கே விழும் என்று ஆடுபவருக்குக் காட்டுவது அந்த நிழல்தான்.

இதனினும் தீவிரமான ஒன்று நடந்தது. ஜப்பானிய விளையாட்டுகளை ஆங்கிலத்தில் பெயர்த்த ஆர்வலர்கள், தம் திருத்தங்களை இசட்ஸ்நெஸ்ஸில் மட்டும் ஓட்டிப் பார்த்தார்கள். அங்கே ஓடினால் சரி என்று வெளியிட்டார்கள். அவற்றுள் பல, உண்மையான கருவியில் ஏற்றினால் ஓடவில்லை. அதாவது பிரதியின் பிழையை மூலமாகக் கொண்டு புதிய படைப்புகள் எழுதப்பட்டுவிட்டன. ஏட்டுச்சுவடிகளின் வரலாறு அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. ஏடெழுதுவோன் செய்த பிழை பாடபேதமாகி, அப்பாடத்துக்கு உரையும் எழுந்து, பின் எது மூலம் என்று அறியப் பதிப்பாசிரியர் படும் பாட்டை நாம் அறிவோம். மின்னணு உலகில் இதற்கு ஒரு நூற்றாண்டு தேவைப்படவில்லை; பத்தாண்டு போதுமானதாயிற்று.

இந்தப் பாடபேதத்தை எதிர்த்து எழுந்த பதிப்பாசிரியர் என்று ‘பியூ’ என்ற புனைபெயரில் இயங்கியவரைச் சொல்லலாம். பின்னாளில் ‘நியர்’ என்ற பெயரையும் சூடிக்கொண்டவர். விளையாட்டுகளை மொழிபெயர்க்க வந்து, மேற்சொன்ன சிக்கலில் அடிபட்டு, 2004-இல் ‘பிஎஸ்நெஸ்’ என்ற எமுலேட்டரை எழுதத் தொடங்கினார். குறுக்குவழி எதுவும் கூடாது. சூப்பர் ஃபாமிகாமின் ஒவ்வொரு சில்லும் எந்தக் கணத்தில் என்ன செய்ததோ அதை அந்தக் கணத்திலேயே செய்ய வேண்டும் என்பது அவரது நோக்கம். ‘சூப்பர் மேரியோ கார்ட்’ போன்ற விளையாட்டுகளின் கேசட்டுக்குள்ளேயே டிஎஸ்பி-1 என்ற துணைச் சில்லு ஒன்று இருந்தது. அதனுள் எழுதப்பட்டிருந்ததை வெளியிலிருந்து படிக்க வழியில்லை. அன்பர்கள் பணம் திரட்டினார்கள். இத்தகைய சில்லுகளின் மேலோட்டை அமிலத்தில் கரைத்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, உள்ளிருந்த நிரல் வாசிக்கப்பட்டது.

2011-இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று, இத்தகைய துல்லியத்துக்கு 3 கிகாஹெர்ட்ஸ் கணினி தேவை என்று வாதிட்டது. மூலக் கருவியின் ப்ராசஸரோ மிஞ்சிப்போனால் 3.58 மெகாஹெர்ட்ஸ்! ஏறத்தாழ எண்ணூறு மடங்கு. பலர் நகைத்தார்கள். முந்தைய எமுலேட்டர்கள் அதில் பத்தில் ஒரு பங்கு வேகத்திலேயே ஓடினவே என்றார்கள். உண்மைதான், ஆனால் நிழல் விழாமல் ஓடின.

இங்கே காலத்தின் ஒரு விளையாட்டையும் கவனிக்க வேண்டும். அவர் எழுதத் தொடங்கிய அதே 2004-இல்தான் இன்டெல் நிறுவனம் தன் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தைக் கைவிட்டது. வெப்பம் தாங்க முடியாமல் வேகத்தின் ஏற்றம் நின்றது. அதுவரை சில ஆண்டுகளுக்கொரு முறை இரட்டித்த கடிகார வேகம், அதன்பின் இரண்டு, நான்கு, எட்டு எனக் கருக்கள் பெருகும் திசைக்குத் திரும்பியது. எமுலேட்டருக்கு இது பேருதவியாக அமையவில்லை. ஒரு சில்லு சொன்னதைக் கேட்டபின்தான் அடுத்த சில்லு பேச முடியும் என்ற ஆட்டத்தில், எட்டுக் கலைஞர்களை அமர்த்தினாலும் ஏழு பேர் முறைக்குக் காத்திருப்பார்கள். ஒற்றைக் கருவின் வலிமையே ஆட்டத்தைத் தீர்மானிக்கிறது. கணினி வாங்கும்போது நாம் மறக்கக்கூடாத முதல் உண்மை இது.

நியர் 2021 ஜூனில் மறைந்தார். அவரது பணி, அவர் கேட்ட 3 கிகாஹெர்ட்ஸ் சாதாரணமாகிவிட்ட உலகில் எஞ்சியிருக்கிறது.

எவ்வளவு சாதாரணம் என்பதற்கு இனி வருவோம். நிறுவனங்கள் தம் அலுவலகங்களுக்கு மொத்தமாக வாங்கும் மேசைக் கணினிகள் சில ஆண்டுகளில் மொத்தமாகவே வெளியேறுகின்றன. டெல் ஆப்டிபிளெக்ஸ், லெனோவா திங்க்சென்டர், எச்.பி. எலைட்டெஸ்க் போன்றவை இவ்வகை. சென்னை ரிச்சி தெருவில் பழைய கணினி விற்கும் கடைகளில் இவற்றைக் காணலாம். இதில் இன்னொரு சூழலும் சேர்ந்துகொண்டது. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாப்டின் பொது ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-ஓ, இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய ப்ராசஸர்களை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. எனவே நல்ல நிலையில் உள்ள ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் பல அலுவலகங்களுக்கு வேண்டாதவையாகிவிட்டன. லினக்ஸ் நிறுவத் துணிந்தவருக்கு இவை பெருவாய்ப்பு; முதன்மையான எமுலேட்டர்கள் யாவும் லினக்ஸிலும் ஓடுகின்றன.

இவற்றுள் எதைத் தேர்வது? காலவரிசையே இங்கு அளவுகோல்.

ஃபாமிகாம், சேகா மெகா டிரைவ், சூப்பர் ஃபாமிகாம் ஆகியவை வரைதான் ஆசை என்றால், கடந்த பத்தாண்டில் அலுவலகத்துக்கு வந்த ஏறத்தாழ எந்த மேசைக் கணினியும் போதும். நியர் கேட்ட துல்லியத்தையும் அது தாங்கும். 1994-இல் வந்த பிளேஸ்டேஷனுக்கும் அதுவே போதும். தனி கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை.

2000-இல் வந்த பிளேஸ்டேஷன் 2, 2001-இல் வந்த கேம்கியூப் ஆகியவற்றுக்கு ஒரு படி ஏற வேண்டும். இவற்றுக்கான பிசிஎஸ்எக்ஸ்2, டால்பின் ஆகிய எமுலேட்டர்கள் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதை விட்டு, நிரலின் பகுதிகளை மொத்தமாகப் பெயர்த்து வைத்துக்கொண்டு ஓடுபவை. ஆயினும் ஒற்றைக் கருவின் வலிமையை அவை பெரிதும் நம்பியிருக்கின்றன. 2013-இல் வந்த நான்காம் தலைமுறைக்குக் குறையாத, 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட கோர் ஐ5 இருப்பது நலம். படத்தை மூலத்தினும் கூர்மையாகப் பெரிதாக்கிக் காண விரும்பினால் எளிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றும் வேண்டும்.

2006-இல் வந்த பிளேஸ்டேஷன் 3-உம் அதற்குப் பிந்தியவையும் மலிவான கணினியின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. அதன் செல் ப்ராசஸரில் பல கருக்கள் ஒருங்கே உழைத்தன. எனவே முன்சொன்ன விதி இங்கு மட்டும் சற்று மாறி, கருக்களின் எண்ணிக்கையும் முக்கியமாகிறது. நான்கு கருக்களுள்ள பழைய அலுவலகக் கணினியை இதற்கு நம்புவது வீண்.

கடையில் கவனிக்க வேண்டியவை சில. ‘ஐ5’ என்ற பெயர் மட்டும் பொருளற்றது. 2011-இன் ஐ5-உம் 2018-இன் ஐ5-உம் வேறு வேறு. பெயரின் பின்னுள்ள எண்ணைப் பார்க்க வேண்டும். எண்ணின் இறுதியில் ‘டி’ என்ற எழுத்து இருந்தால் அது மின்சாரம் சேமிக்கவென வேகம் குறைக்கப்பட்டது. ஒடுக்கமான பெட்டிகளில் உயரம் குறைந்த கிராபிக்ஸ் கார்டு மட்டுமே பொருந்தும். அவற்றின் பவர் சப்ளையும் சிறியது. ஆதலால் தனி மின்வடம் வேண்டாத, செருகுவாயிலிருந்தே மின்சாரம் பெறும் கார்டையே தேட வேண்டும். நினைவகம் 8 ஜிகாபைட் போதும். அதை ஒற்றைப் பட்டையாக அன்றி இரண்டு நான்காகப் போட்டால், தனி கார்டு இல்லாத கணினியில் படம் விரைவு பெறும். பளபளப்பான புதுப் பெட்டிக்குள் இருக்கும் செலரான் சில்லைவிட, கீறல் விழுந்த பழைய பெட்டிக்குள் இருக்கும் ஐ5 மேலானது.

இவ்வளவும் ஒரு பொழுதுபோக்குக்காகவா என்ற கேள்வி எஞ்சுகிறது. 2023-இல் அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் 2010-க்கு முன் வெளியான விளையாட்டுகளுள் 87 விழுக்காடு இன்று கடையில் விலைக்குக் கிடைப்பதில்லை. பழைய பெட்டிகளின் மின்தேக்கிகள் கசிகின்றன. ஆட்டத்தின் நிலையைச் சேமித்துவைக்கும் கேசட்டுகளுக்குள் இருக்கும் சிறு பேட்டரிகள் ஒவ்வொன்றாக உயிரிழக்கின்றன. உரிமையாளர்களின் அச்சமும் பொய்யன்று. புழக்கத்திலுள்ள ஸ்விட்ச் கருவிக்கு எழுதப்பட்ட ‘யூசு’ எமுலேட்டரின் உரிமையாளர்கள் 2024 மார்ச்சில் நின்டெண்டோவுக்கு 24 லட்சம் டாலர் கொடுக்க உடன்பட்டு அதை மூடினார்கள். எமுலேட்டர் வேறு, விளையாட்டைத் திருடுவது வேறு என்ற கோட்டை ஆடுபவரும் மனத்தில் கொள்ள வேண்டும். ஆனால் எந்தக் கடையிலும் கிடைக்காத ஒன்று, அதை ஓட்டும் இயந்திரமும் மாய்ந்தபின் எங்கே இருக்கும்? 1964-இன் சம்பளப் பட்டியலுக்கு இருந்த அதே கேள்வி.

நண்பரிடம் நாங்கள் விடையாகச் சொன்னது ஒன்றுதான்: கணினியின் பட்டியலைக் கீழே வைத்துவிட்டு, ஆட விரும்பும் விளையாட்டுகளின் பட்டியலை முதலில் எழுதுங்கள். அவர் ஏழு பெயர்களை எழுதினார். ஆறு, 1995-க்கு முற்பட்டவை. ஏழாவது, 2001-இல் பிளேஸ்டேஷன் 2-இல் வந்த ‘ஐகோ’. ஆறாம் தலைமுறை ஐ5 கொண்ட பழைய அலுவலகக் கணினி ஒன்றை வாங்கினார். அதன் மேல்மூடியில், ஏதோ ஓர் அலுவலகம் ஒட்டிய சரக்கு எண் இன்னும் இருக்கிறது. அதை அவர் கிழிக்கவில்லை.